வயலினுக்கு விட்ட இடைவெளி

நாகேஸ்வரி அக்கா காலமான செய்தியை அவருடைய தங்கை மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். "பெரியம்மா போயிட்டா, மாமா. விடிய எழும்பேல்லை." கேட்டுவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்தேன்.

செத்தவீட்டில் கதைக்க ஆளா இல்லை? கொழும்பிலிருந்து கூப்பிட்டும் போகாத மனிசி, வெளிநாட்டிலிருந்து பயணச்சீட்டோடு கூப்பிட்டும் போகாத மனிசி என்றார்கள். தலைக்கனம் என்றார் ஒருவர். பயந்த சுபாவம் என்றார் இன்னொருவர். அக்காவுக்குக் கடைசிக் கச்சேரி வரைக்கும் மிருதங்கம் வாசித்தவன் நான். பதில் வாய்வரை வந்தது; பிரேதத்துக்கு முன்னால் சண்டை பிடிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன், கேளுங்கள்.

அக்காவின் தகப்பனுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல். வயலை ஈடு வைத்துத்தான் மகளை யாழ்ப்பாணத்துக்குப் பாட்டுப் படிக்க அனுப்பினார். அங்கேதான் அக்கா வயலின்காரர் சிவபாலனைக் கண்டு கட்டிக்கொண்டு வந்தார். ஒரு ராகத்தை ஆலாபனை செய்யும்போது பாடுபவர் கொஞ்சம் பாடி நிறுத்துவார். அதே ராகத்தை வயலின் எடுத்துக்கொண்டு போகும். சிவபாலன் அண்ணை சும்மா பின்னால் போகிற ஆளில்லை. அக்கா அடுத்த சுற்றுக்கென்று பொத்திவைத்திருந்த சங்கதியை இவர் முந்திக்கொண்டு வாசித்துவிடுவார். "களவெடுத்துப் போட்டியள், என்ன?" என்று அக்கா மேடையிலேயே சிரிப்பார். அவர்கள் இருவரோடும் இருந்து வாசித்ததைப் போல ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

ஒரு திருவிழாக் கச்சேரி முடிந்து வரும்போது இராணுவச் சோதனைச் சாவடியில் எங்கள் வான் வண்டியை மறித்தார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அண்ணையை மட்டும் இறக்கினார்கள். அவர் வயலின் பெட்டியை அக்காவின் மடியில் வைத்து, "வெயில் படாமல் பாருங்கோ" என்றார். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை.

அக்கா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. கடைசியில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த இராணுவ முகாமில் அடைபட்டு வெளியே வந்த ஒருவர், உள்ளே யாரோ தோடி ராகத்தை முனகுவது கேட்டதாகச் சொன்னார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் வெளி தாண்டிப் பிள்ளையார் கோயில். அக்கா அங்கே போய்ப் பாட இடம் கேட்டார். ஊரடங்கு என்பதால் வெயில் சாயுமுன்னரே கச்சேரி தொடங்கும். வயலினுக்கு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒலிபெருக்கிக் குழாயை மட்டும் முகாம் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னார்.

முதற் கச்சேரியில் தோடியை எடுத்தார். கொஞ்சம் பாடி, நிறுத்தினார். ஆலாபனையில் எனக்கு வேலையில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அக்கா பாடவில்லை. இடப்பக்கம் காலியாக இருந்த பாயைப் பார்த்தபடி இருந்தார். மைக் செத்துப்போனதென்று நினைத்த ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து அதைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். அக்கா கோபப்பட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

"இப்ப அவருக்கல்லோ முறை. நீங்கள் இடையில வந்து கத்தினா அவர் எப்பிடி வாசிக்கிறது?"

சனத்தில் சிலர் முகாம் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா தலையை ஆட்டி, மெதுவாக "சபாஷ்" என்றார். பிறகு பாடினார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கவில்லை. நடுவில் யாரோ வாசித்துக் கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அதற்குப் பிறகு எல்லாக் கச்சேரியும் அப்படித்தான், எல்லாம் அந்தக் கோயிலில்தான். வெளியூர் அழைப்பு வந்தால் என்னிடம் ஒன்றுதான் கேட்பார்: "அங்க பாடினா அவருக்குக் கேக்குமோ, தம்பி?" இதைத்தான் ஐயா நீங்கள் தலைக்கனம் என்கிறீர்கள்.

பிறகு போர் முடியுமுன்னரே அந்த முகாமை வேறிடத்துக்கு எடுத்துவிட்டார்கள். ஊர்ச்சனம் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனபோது நானும் அக்காவுடன் போனேன். ஓர் ஆளுமில்லை, ஓர் அடையாளமுமில்லை. அக்கா அறை அறையாகப் பார்த்தார். யன்னலைப் பலகையால் அடைத்திருந்த அறையொன்றுக்குள் போய் நின்றார்.

"நீங்கள் கோயிலுக்குப் போய் மைக்குக்கு முன்னால கொஞ்சம் வாசியுங்கோ, தம்பி. இதுக்குள்ள கேக்குதோ எண்டு பாப்பம்."

அத்தனை காலம் பாடியது அண்ணையிடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது இனி என் கையில் இருந்தது. வெளியைத் தாண்டிக் கோயிலுக்குப் போனேன். மைக்குக்குக் கரண்ட் தரும் கோயில் எஞ்சினில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. அந்த நாளில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? எஞ்சின் இல்லாமல் மைக் இல்லை. மைக் இல்லாமல் மிருதங்கம் அந்த வெளியைத் தாண்டாது. இன்னொரு நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லலாம் என நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அக்கா அறை வாசலில் நின்றார். நான் வாய் திறக்க முன்னரே, "கேட்டது, தம்பி" என்றார். "வடிவாக் கேட்டது. அப்ப அவருக்கு எல்லாம் கேட்டிருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இனி வயலினுக்கு ஒராளைப் பாருங்கோ."

ஓம் அக்கா என்றேன்.

அடுத்த திருவிழாவுக்கு ஒருவரைக் கூட்டி வந்தேன். நல்ல வாசிப்பு. அக்கா அவருக்கு முறை விட்டு, மரியாதையாகக் கேட்டு, பாடி முடித்தார். அதுதான் கடைசிக் கச்சேரி.

அவர் பாடிய ஒலிநாடாக்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. என்னிடம் இருப்பது அந்த வாசலில் அவர் சொன்ன ஒரு சொல் மட்டும்தான். கேட்டது என்றார். அன்று நான் மிருதங்கத்தைத் தொடவே இல்லை.