ஒவ்வொரு செடிக்கும் ஒரு ‘போதும்’

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் என் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினார். சீவிக்கொண்டே இருந்தார். ஆறிய காயம் கிழிந்து காதோரம் ரத்தம் இறங்கியது. அப்போதும் கை நிற்கவில்லை. நான்தான் சீப்பைப் பிடுங்கினேன்.

தேயிலை எஸ்டேட்டில் நிழல்மரம் கழிக்கும்போது கிளை தலையில் விழுந்தது. அடி முன்மூளையில் (நெற்றிக்குப் பின்னால் இருப்பது; தொடங்கிய வேலையை எங்கே நிறுத்துவது என்று சொல்லும் பகுதி). கோயமுத்தூர் டாக்டர் சொன்னார்: “நடப்பார், பேசுவார், வேலைகூடச் செய்வார்மா. பக்கத்துல ஆள் வேணும்.”

எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை. எட்டாவதோடு நின்ற எனக்கு டாக்டரிடம் கேட்க நாக்கு எழவில்லை.

எங்கள் லைன் வீடுகளில், செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்துவிட்டால் ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். பிறகு யாரும் விசாரிக்க வரமாட்டார்கள். எடுக்காவிட்டால் வேலை போகும், அதோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அவர் எடுத்தாலும் பயம், எடுக்காவிட்டாலும் பயம்.

குன்னூரில் மாதம் ஒரு ஞாயிறு, தலைக்காயப்பட்டவர்களின் வீட்டார் கூடுவார்கள். அங்கே ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் சொன்னார்: “உதவி பண்ணுங்கன்னு பொதுவா கேக்காதீங்க. இன்னதுன்னு ஒண்ணைக் கேளுங்க.”

என் வீட்டுக்காரர் மறுபடி கத்தி எடுத்ததும், அவரோடு கவாத்து வெட்டும் நால்வரிடம் ஒரே ஒரு சொல் கேட்டேன். வெட்ட வெட்டச் செடி முழங்கால் உயரத்துக்கு வந்ததும் “போதும்” என்று சொல்ல வேண்டும். சொன்னால் நிறுத்திவிடுவார்.

“செடிக்குச் செடியாங்கக்கா? எம் பொண்டாட்டிகூட எனக்கு இத்தனை தடவ போதும்னு சொன்னதில்லீங்க” என்றான் அவர்களில் ஒருவனான சிவகுமார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாள் சொன்னார்கள். ஒருநாள் அவரைத் தனியே விட்டு நால்வரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பும்போது ஒரு வரிசைச் செடியைத் தரையோடு வெட்டியிருந்தார்.

“அண்ணன் நல்லாத்தானே இருக்காரு? பேசுறாரு, சிரிக்கிறாரு. வேணும்னே பண்றாருங்க சார்” என்றான் அதே சிவகுமார், சூப்பர்வைசரிடம்.

கால் ஒடிந்திருந்தால் கட்டு தெரியும். இவர் தழும்பைக் குளிர்குல்லாய் மறைத்துவிடுகிறது.

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். “ஏனுங்க, உங்க ஆள நீங்களே பாத்துக்கிட்டா கத்தி குடுக்கறேன். இல்லீன்னா ஊட்டைக் காலி பண்ணிக்குங்க.”

கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டு இப்போது அவர் பக்கத்தில் நிற்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். “நல்லாத்தானே இருக்காரு” என்று யாரும் சொல்லாத ஒரே இடம் அது. நான் போய் ரொம்ப நாளாகிறது. இவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

மணி பார்ப்பதே எனக்கு மறந்துவிட்டது. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையில் இருப்பதுதான் என் நேரம். கத்தி இறங்கும்போதெல்லாம் என் முழங்கால் தானாக விறைத்துக்கொள்கிறது.

போன வாரம் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. “போதுமுங்க” என்றேன், காற்றுதான் வந்தது. தோளைத் தட்டினேன். திரும்பி என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தார். கை வெட்டிக்கொண்டே இருந்தது.