தீவுக்கு முன்னால் எட்டயபுரம் வரை

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களில் நானும் அக்காவும் ஒரே நேரத்தில் தூங்கியதே இல்லை. ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி விழித்திருக்க வேண்டும். அம்மா போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் சொக்கும். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. அக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, தைக்காமல், துணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவள் அவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போனை என் பக்கம் நீட்டினாள். முதுகில் பெரிய பையோடு ஒரு பெண் தேயிலை மலையில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். இலங்கை.

"ஏட்டி, நாமளும் இப்படி நடப்போமா? மேற்க கடல்ல ஆரம்பிச்சு, குறுக்க மலை ஏறி எறங்கி, கெழக்க இருக்க கடலுக்கு."

"ஒனக்கு முட்டிவலி இருக்குக்கா."

"வீட்டுல கெடந்தாலும் வலிக்கத்தான செய்யுது."

மறுத்துப் பேசவும் தெம்பில்லாமல் சரி என்றேன். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வாசலில் நின்று மோர் கொடுத்ததுதான் அதுவரை எங்களுக்கும் நடைக்கும் இருந்த சம்பந்தம்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் திட்டம் போடுவதே பாடாகிவிட்டது. எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் முடியும். எந்த மாதம் போவது என்பதே பெரிய சிக்கல். அந்தத் தீவில் மேற்கே மழை விட்டால் கிழக்கே பிடித்துக்கொள்கிறது. கூடாரம் வாங்கலாம் என்றாள் அக்கா. அதன் எடையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். மலையில் அட்டை கடிக்கும் என்று எங்கோ படித்து, கால் மூடும் நீளமான உறைகளை அவளே தைத்தாள். மருந்து நேரம் பார்த்துப் பார்த்து ஓடிய வீட்டில், இப்போது இந்தப் பயணத்தை நேரம் பார்த்துக் கவனிக்க வேண்டியதாயிற்று. சில நாட்கள் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எதுவும் மண்டையில் ஏறாது.

அண்ணன் போனில் சொன்னான்: "இவ்வளவு நாள் கஷ்டப்பட்டாச்சு. பேசாம ஏதாவது பஸ் டூர்ல போயிட்டு வாங்களேன்."

"அதுலயும் உக்காந்துதான இருக்கணும்," என்றாள் அக்கா.

ஆர்டர் போட்ட பைகள் வந்ததும் அவற்றை நிரப்பி, எடை பார்க்கத் தெருமுனை மளிகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணாச்சி அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார்.

"எங்கன போறிய, இவ்வளவு பெரிய பையோட?"

"இலங்கைக்கு, அண்ணாச்சி. நடந்து."

"நடந்தா? நடுவுல கடல்லா கெடக்கு!"

"அத பிளைட்டுல தாண்டிருவோம். பொறவுதான் நடை."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் பையைவிட அக்காவின் பை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. வீட்டுக்கு வந்து நான் அதைப் பிரித்தேன். மேலே இரண்டு சுடிதார். அதன் கீழே பிரஷர் பார்க்கும் மெஷின், தெர்மாமீட்டர், பஞ்சுக்கட்டு, டெட்டால், மடித்த ரப்பர் ஷீட், அம்மாவுக்கு வாங்கி மிச்சமிருந்த டயபர்கள்.

"யாருக்குக்கா இதெல்லாம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியலட்டி. எடுத்து வைக்காம கை கேக்க மாட்டேங்கு."

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவள் தடுக்கவில்லை. ரப்பர் ஷீட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு, "மழைக்கு ஆகும்லா," என்றாள்.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட ஒரு லீவு நாளில், பையைச் சுமந்து எட்டயபுரம் வரை நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். வரும்போது பஸ். மெயின் ரோட்டில் லாரித் தொல்லை என்று வயக்காட்டுப் பாதையில் இறங்கியது நான் செய்த தப்பு. முதல் நாள் பெய்த மழையில் கரிசல் பசையாகக் கிடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் புது ஷூவின் அடியில் மண் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு கல்லைக் கட்டியது போலக் கனத்தது. குச்சியால் சுரண்டுவோம், மறுபடி அப்பும். இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் நின்றன. ஆள் யாரும் இல்லை.

பாதி வழியில் ஒரு வேப்பமரம் வந்தது. அக்கா பையை இறக்கி, ரப்பர் ஷீட்டை விரித்து, "ஒரு அஞ்சு நிமிசம்," என்று சாய்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். வாய் திறந்து, குறட்டை விட்டு, கன்னத்தில் எறும்பு ஊர்ந்தும் அசையாமல். வெயில் நகர்ந்து அவள் முகத்தில் விழுந்தபோது என் துப்பட்டாவைப் பிடித்து மறைத்தேன். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் கண் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் எழுந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. எட்டயபுரம் போகவில்லை. ரோட்டுக்கு ஏறி, கிடைத்த பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டிக்கே திரும்பினோம்.

மறுநாள் நான் திட்டத்தை மாற்றினேன். கடலிலிருந்து கடல் வரை என்பதை விட்டுவிட்டு மலைப்பகுதி மட்டும். ஒரு நாள் நடந்தால் மறுநாள் ஓய்வு.

"இதுக்குப் பேரு நடையா?" என்று அக்கா கோபப்பட்டாள்.

"என்னால இவ்வளவுதான் முடியும்க்கா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் கடற்கரையில் இருந்த விரலை அவள் மலைப்பக்கம் நகர்த்தினாள்.

பொங்கல் கழிந்து மதுரையில் பிளைட் ஏறினோம். தீவின் குறுக்கே நாங்கள் நடந்தது கொஞ்சம்தான். இரண்டாவது நடையிலேயே அக்காவின் முட்டி வீங்கிவிட்டது. தேயிலைத் தோட்டத்துச் சாலையில் வந்த ஒரு ஆட்டோக்காரரைக் கெஞ்சி, தங்கவேண்டிய வீட்டில் போய் இறங்கினோம். வீட்டுக்கார அம்மா தமிழ்தான். சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலம் முழுக்க அக்கா அடுப்படியில் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள்; கூப்பிட்டால் ஓடுவதற்கு வசதியாக. அன்று சம்மணம் போட முடியாமல் வீங்கிய காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொண்டு, மெதுவாகச் சாப்பிட்டாள். வெளியே மலை முழுவதும் பனி மூடிக்கிடந்தது.

"நாளன்னைக்கு நடக்க முடியுமாக்கா? இல்ல பஸ்ஸா?"

"அத அப்பம் பாப்போம்," என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "இன்னொரு ரொட்டி இருக்காம்மா?" என்று கேட்டாள்.