சக்கரம் நிற்கட்டும்

எண்ணூர் முகத்துவாரத்து மணலில் அந்த வாடகை ஜீப் சிக்கியபோது கடல் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் பழுதுபார்க்க ஏற்றியிருந்த என் படகு எஞ்சின். ஓட்டுநர் தடித்த கழுத்துக்காரர். பேசாத நேரமெல்லாம் தோள் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டே இருப்பார்.

ஒரு பின்சக்கரம் மட்டும் சுழன்று குழி பறித்தது; மற்றது அசையவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் லாக் அந்த வண்டியில் உண்டு. அவரோ அதைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

“லாக்கப் போடுண்ணே! தண்ணி ஏறிகினு கீது!”

“சுத்துற வீலுல போட்டா உள்ள கியர் பல்லு ஒடஞ்சி பூடும், நைனா. நிக்கட்டும்.”

அலை வந்து கதவில் அறைந்தது. அவர் துண்டைக் கடித்தபடி வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தையே பார்த்தார். அது நின்ற பிறகுதான் லாக்கைப் போட்டார். இரண்டு சக்கரமும் மணலைக் கவ்வ, வண்டி உறுமிக்கொண்டு மேலேறியது.

தார்ச்சாலைக்கு வந்ததும் லாக்கை எடுத்துவிட்டு ஓரங்கட்டினார். இறங்கிக் கடலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாண்ணே?”

“எனுக்கு நீச்ச தெரியாது, நைனா.”

அவரால் எப்படிக் காத்திருக்க முடிந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடலிலேயே வளர்ந்த நான், அந்த அலைக்கு முன்பே கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தேன்.