பதிவேட்டின் பின்பக்கம்

பிள்ளைப்பாக்கத்துக் கலைமணிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது படிப்பால் அல்ல, நிலத்தால். அவள் அப்பா பலராமன் கொடுத்த மூன்று ஏக்கரின் மேல்தான் இன்றைக்கு அதன் தேர்வுப் பிரிவும், பக்கத்தில் கார் நிறுத்துகிற இடமும் இருக்கின்றன. நிலம் கொடுக்கிற வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்று வாயால் சொன்னார்கள். பலராமனும் வாயால் சரி என்றார். எழுதி வாங்க அவருக்குத் தோன்றவில்லை. பெரிய மனுஷன் பேச்சு மாறுவானா என்று நம்பிய மனிதர் அவர். கலைமணி பன்னிரண்டாவது பாஸ். பதிவேட்டு அறையில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் தற்காலிகமாகவே இருந்தாள். அந்தக் கட்டடமே நடுவில் ஒருமுறை இடித்துக் கட்டப்பட்டது. இவள் பதவி மட்டும் அசையவில்லை.

பதிவேட்டு அறை என்றால் இரும்பு அலமாரிகளும் பாச்சை உருண்டை வாசனையும்தான். 2015 வரை படித்து முடித்த அத்தனை பேருடைய மதிப்பெண்ணும் சிவப்புத் துணி பைண்டு போட்ட பதிவேடுகளில் கையால் எழுதியிருக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுதிய மதிப்பெண்ணை அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறினால், பழைய எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புது மதிப்பெண்ணும் காரணமும் தேதியும் எழுதி, தேர்வு அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பக்கம் நடந்ததைச் சொல்லும், பின்பக்கம் திருந்தியதைச் சொல்லும். பல பின்பக்கங்களில் இருந்தது கலைமணியின் கையெழுத்துதான். முத்து முத்தாக எழுதுவாள். அதைப் பாராட்ட அங்கே ஆளில்லை, அது வேறு விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ‘காகிதமில்லாப் பல்கலைக்கழகம்’ என்று வாசலில் பேனர் கட்டினார்கள். பேனர் பத்தடிக்கு இருந்தது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஸ்கேன் எடுக்க வந்தது. பைண்டிங்கை வெட்டி, தாள்களை உதிரியாக்கி, மெஷினுக்குள் தள்ளினார்கள். மூன்றாம் நாள்தான் கலைமணி கவனித்தாள். மெஷின் ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்களின் சூப்பர்வைசர் சக்திகுமாரிடம் போனாள்.

"தம்பி, பின்னாடியும் எழுத்து கீது. ஸ்டார் போட்டது எல்லாத்தையும் திருப்பிப் போட்டு எடுக்கணும்."

"அக்கா, முக்காவாசி பின்பக்கம் வெள்ளையாத்தான் கீது. ரெண்டு பக்கமும் எடுத்தா எனக்கு டார்கெட்டு எப்ப முடியறது? ஸ்டார் போட்டதுக்கு மட்டும் துண்டு வெச்சுக் குடு. கடைசில மொத்தமா எடுத்துக்கலாம்."

பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து, நட்சத்திரம் போட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் துண்டு வைத்தாள். மூன்று நாள் மதியச் சாப்பாட்டை அவசர அவசரமாக முடித்துவிட்டு அதே வேலையாக இருந்தாள். துண்டுகள் மெஷினில் சிக்கின. சிக்கினால் வேலை நிற்கும். ஸ்கேன் ஆட்கள் எல்லாவற்றையும் உருவிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

கலைமணி பதிவாளர் ராஜசேகரிடம் ஓடினாள். ராஜசேகர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டால் முடிந்துவிட்டது என்று நம்புகிற ஜாதி. தர மதிப்பீட்டுக் குழு பதினைந்தாம் தேதி வருகிறது என்ற கவலையில் இருந்தார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"கலைமணி, உன் பர்மனென்ட் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. ஸ்கேன் வேலைய முடிச்சுக் குடு. அடுத்த வாரம் ஆர்டர் வாங்கித் தரேன்."

இருபத்திரண்டு வருடம் வாசலில் நிறுத்தி வைத்த சோற்றை மூக்குக்கு நேரே நீட்டினால் யார்தான் முகத்தைத் திருப்புவார்கள்? ஆனாலும் திருப்பியிருக்க வேண்டும். அந்த அறையில் அந்தப் பச்சை மையின் அருமை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நானூற்றுப் பன்னிரண்டு பதிவேடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ‘அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு முறை கலைமணி கையெழுத்துப் போட்டாள்.

தாள்கள் லாரியில் ஏறிக் காகித ஆலைக்குக் கூழாகப் போயின. அதைக் கொண்டாட மரக்கன்று நட்டார்கள். குழுவும் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனது. நிரந்தர வேலைக்கான உத்தரவு கலைமணிக்கு ஈமெயிலில் வந்தது. காகிதமில்லாப் பல்கலைக்கழகத்தின் ஊழியை அதை மட்டும் பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

போன ஆடி மாதம் பிரவீனா வந்தாள். பென்னலூர்ப் பெண், இங்கேயே படித்தவள். பத்து வருடமாக ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ட்ரெய்னியாகச் சேர்ந்து, லைனில் நின்று, ஓ.டி. பார்த்து, தரப் பரிசோதனைக்கு வந்து, இப்போது உதவி மேலாளர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்காகச் சான்றிதழைச் சரிபார்க்கக் கம்பெனி எழுதிக் கேட்டது. ஐம்பது வாங்க வேண்டிய கணக்குத் தாளில் நாற்பத்தாறு, தேர்ச்சி இல்லை என்று பல்கலைக்கழகம் பதில் போட்டது. பதவி போகட்டும், போலிச் சான்றிதழ் என்று வேலைக்கே உலை வைத்துவிட்டார்கள். பத்து நாளுக்குள் பல்கலைக்கழகம் திருத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வெளியே.

"அக்கா, என்னத் தெரியுதா? ரீவேல்யுவேஷனுக்கு நீங்கதான் ஃபாரம் குடுத்தீங்க. அழுதுகினு நின்னேன், குடிக்கத் தண்ணி குடுத்தீங்க."

கலைமணிக்குத் தெரிந்தது. அந்த மதிப்பெண் ஐம்பத்து மூன்றாக மாறியதும் தெரியும். எழுதியவளே அவள்தான். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நாற்பத்தாறு பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் நட்சத்திரம் ஈ உட்கார்ந்த கறை மாதிரி தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பிரவீனாவின் சோறே அந்த ஏட்டில்தான் இருந்தது. இருவரும் ராஜசேகர் அறைக்குப் போனார்கள். பிரவீனா மதிப்பெண் சான்றிதழையும் பட்டத்தையும் மேஜைமேல் வைத்தாள்.

"சர்ட்டிஃபிகேட்ட யார் வேணும்னாலும் அடிக்கலாம்மா. எங்க ரெக்கார்டுல என்ன இருக்கோ அதான்."

"பட்டம் வாங்கினவங்க லிஸ்ட்ல என் பேரு கீதே சார்!"

"அதான் எங்களுக்கும் சந்தேகம். ஃபெயிலான பொண்ணு பேரு அதுல எப்படி வந்துச்சு?"

கலைமணிக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் சார் பின்னாடி எழுதினேன். அம்பத்து மூணு. பச்ச இங்க்ல கையெழுத்து கூட கீது சார்... இருந்துச்சு."

"எங்க, காட்டு பார்ப்போம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஸ்கேன் தப்புன்னா, சரியா இருக்குன்னு நானூத்திப் பன்னெண்டு இடத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

பிரவீனா திரும்பிக் கலைமணியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ராஜசேகர் அடித்திருந்தால்கூடத் தேவலை.

பிரவீனாவை வெளியே அனுப்பிவிட்டு ராஜசேகர் விஷயத்தை உடைத்தார். ஒருத்திக்குத் திருத்தினால் நாளைக்கு வாசலில் வரிசை நிற்கும், குழு கொடுத்த மதிப்பும் போய்விடும் என்றார். கம்பெனிக்கு அனுப்பும் இறுதிப் பதிலை அப்போதே அடித்து அவள் பக்கம் நகர்த்தினார். அதே பழைய வரி: அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.

"அசலே இல்லியே சார். இல்லாதத எப்டி ஒப்பிடறது? நான் போட மாட்டேன்."

வேலையில் சேர்ந்த நாளாக அவள் சொன்ன முதல் ‘மாட்டேன்’ அது. அவர் கோபப்படவில்லை. "சரி, போ" என்றார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ தலையிலிருந்து மூட்டை இறங்கியது போல் இருந்தது. நடந்ததையெல்லாம் தன் கைப்பட இரண்டு பக்கம் எழுதி, பெயரும் ஊரும் போட்டு, வெளியே நின்ற பிரவீனாவிடம் கொடுத்தாள்.

"நான் கையெழுத்துப் போடல பிரவீனா. அது இல்லாம அவங்களால லெட்டர் அனுப்ப முடியாது. நீ இத கம்பெனில குடு. தைரியமா இரு."

பத்தாம் நாள் மாலை பிரவீனா ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த கலைமணி அவளைக் கண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பிரவீனா யூனிஃபார்மில் இல்லை. கழுத்தில் அடையாள அட்டையும் இல்லை.

"இன்னா பிரவீனா, இன்னா ஆச்சு?"

"ஐ.டி. கார்ட வாங்கிகினு அனுப்பிட்டாங்க அக்கா. கையால எழுதினது செல்லாதாம், யுனிவர்சிட்டிலேர்ந்து நேரா வந்தாதான் எடுத்துப்பாங்களாம். நேரா வந்தது இதுதான்."

"நான்தான் கையெழுத்தே போடலியே!"

பிரவீனா போனை நீட்டினாள். அன்றைக்கு ராஜசேகர் கலைமணி பக்கம் நகர்த்திய அதே கடிதம், வார்த்தை மாறாமல் இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘இது கணினி வழியே உருவாக்கப்பட்ட கடிதம். கையொப்பம் தேவையில்லை.’

கலைமணி இரண்டு முறை படித்தாள். பிரவீனா போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"ஸ்கேன் எடுத்த அன்னிக்கி மட்டும் உங்க கையெழுத்து அவங்களுக்கு இன்னாத்துக்கு அக்கா வேண்டியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

பென்னலூர்ப் பக்கம் போகிற பஸ் வந்தது. பதிலுக்குக் காத்திராமல் பிரவீனா ஏறிக்கொண்டாள்.