எச்சரிக்கையைக் கேட்காதவர்கள்

ஜோதிலட்சுமிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். அன்று தலைமையாசிரியர் அறையில் அவள் பேசியது வாசலில் நின்றிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கையிலிருந்த டேப்லெட்டை அவள் மேசைமேல் வைத்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

எங்கள் பள்ளி கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. நான் சகாய பிரியா, அங்கே ஆங்கிலம் நடத்துகிறேன். ஜோதி வரலாறு. நூலகர் பணியிடம் காலியாகவே கிடந்ததால் நூலகமும் அவள் தலையில்தான் விழுந்தது. மற்றவர்களாக இருந்தால் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஜோதி சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலையில் நூலக அறிவியல் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். முன்னாள் மாணவர்களிடம் கேட்டுப் பழைய கணினிகள் வாங்கிப் போட்டாள். நூலகச் சுவரில் ஒரு பகுதிக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் நல்ல இணையதளங்களின் முகவரியைச் சுண்ணக்கட்டியால் எழுதினாள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் என்று எழுதி, ‘பழைய நூல்களின் பக்கத்தையே பார்க்கலாம்’ என்பாள். தேசிய ஆவணக் காப்பகத் தளம் என்று எழுதி, ‘பொறுமை வேண்டும், தேடினால் கிடைக்கும்’ என்பாள். விக்கிப்பீடியாவுக்குக் கீழே, ‘இங்கே தொடங்கு, இங்கேயே நின்றுவிடாதே’ என்று எழுதியிருந்தாள்.

சிதம்பரத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வரும் ஆசிரியர்கள் அந்தச் சுவரைப் படம் எடுத்துப் போவார்கள். ஆனால் அவள் பெருமைப்பட்டது அதற்கல்ல. எங்கள் பிள்ளைகள் எதைப் படித்தாலும், ‘இதச் சொன்னது யாரு, அவரு அங்க இருந்தாரா?’ என்று கேட்கப் பழகியிருந்தார்கள். அறிவியல் வாத்தியாருக்கு அது பெரிய தொல்லை.

போன ஆண்டு ஜூனில் நிர்வாகம் ஒரு தனியார் கம்பெனியின் கற்றல் செயலியை வாங்கியது. எல்லாப் பாடமும் அதற்குள்ளேயே இருக்கும், கேள்வி கேட்கும், மதிப்பெண் போடும். கம்பெனி ஆட்கள் வந்து நூலகக் கணினிகளை அந்தச் செயலி மட்டுமே திறக்கும்படி மாற்றினார்கள். மற்ற எந்தத் தளமும் திறக்காது. போகும்போது கறுப்புச் சுவரின்மேல் ஒரு பெரிய போஸ்டரையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். கண்ணாடி போட்ட ஒரு சிறுவன் ராக்கெட்டில் பறந்துகொண்டிருந்தான்.

“பசங்க கண்டதயும் பாக்காம இருப்பாங்க இல்லம்மா” என்றார் தலைமையாசிரியர் நடனசபாபதி. கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெறும்வரை எந்தப் புகாரும் வரக்கூடாது என்பது ஒன்றே அவருடைய கொள்கை.

“ஆவணக் காப்பகத்த கண்டதுன்றீங்களா சார்?” என்று ஜோதி கேட்டாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஆகஸ்டில் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு, இயற்கைப் பேரிடர்கள் என்ற பாடம். பிள்ளைகள் நூலகத்தில் உட்கார்ந்து, கம்பெனி கொடுத்த டேப்லெட்டுகளில் செயலியைத் திறந்து விடை குறித்துக்கொண்டிருந்தார்கள். பூஜா என்ற பெண் கையைத் தூக்கினாள். ஜோதி பிறந்த அதே மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள்.

“மிஸ், அலையோட ஒயரம்னு போட்டா தப்புன்னு காட்டுது.”

ஜோதி போய்க் குனிந்து பார்த்தாள். சுனாமியில் தமிழகக் கடலோர மீனவர்கள் பலர் இறந்ததற்கு முதன்மைக் காரணம் யாது என்பது கேள்வி. அலையின் உயரம் என்று பூஜா குறித்திருந்ததன்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. சரியான விடை என்று பச்சையில் ஒளிர்ந்த சொல்: அறியாமை.

“எங்க பெரியப்பா அதுலதான் போனாரு மிஸ். அறியாமைன்னு போட்டாதான் மார்க் வருது. போடட்டுமா?”

ஜோதி பாடத்தின் தொடக்கத்துக்குப் போனாள். ‘மீனவர்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் கரையிலேயே இருந்தனர்’ என்று இருந்தது. கீழே ஒரு புகைப்படம். தலைவிரி கோலமாக ஒரு பெண் மணலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நீலப் புடவை போர்த்திய ஓர் உடல். படத்துக்கு விளக்கம்: எச்சரிக்கையைக் கேட்காததன் விலை.

அவள் பூஜாவின் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனது அப்போதுதான். வெளியே வந்தபோது நான் அவளைப் பிடித்து ஆசிரியர் அறையில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“ஒக்காந்திருக்கறது யாரு தெரியுதா ப்ரியா? எங்க சித்தி, தனம்.”

எனக்குத் தெரிந்தது. துறைமுகத்தில் மீன் விற்கும் தனத்திடம்தான் எங்கள் வீட்டில் மீன் வாங்குவோம்.

“அந்தப் பொடவைக்கு அடில இருக்கறது எங்கம்மா.”

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது ஜோதிக்குப் பதினெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, தார்ச்சாலைப் பக்கம் இருந்த குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் அம்மா தைலம்மாள் கரைக்கு வந்த மீனை ஏலம் எடுக்கப் போயிருந்தார். எச்சரிக்கை என்ற ஒன்று வரவே இல்லை. வானொலியில் வரவில்லை, போலீஸ் சொல்லவில்லை. எப்படி வரும்? இந்தியப் பெருங்கடலுக்கு அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஐதராபாத்தில் நம் நாட்டின் மையம் இயங்கத் தொடங்கியது 2007இல். வராத எச்சரிக்கையைக் கேட்கவில்லை என்று செத்தவர்கள்மேல் பழி போட ஒருவனுக்குக் கை வந்திருக்கிறது. அதற்கு மதிப்பெண்ணும் வைத்திருக்கிறான். எழுதும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜோதி கம்பெனிக்கு எழுதினாள். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில் வந்தது. எங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பான கம்பெனி ஆள் ஜெயப்பிரகாஷின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“மேடம், கன்டென்ட் எல்லாம் எக்ஸ்பர்ட்ஸ் பாத்ததுங்க. ரெஃபரன்ஸ் இல்லாம போட மாட்டாங்க.”

“அந்த ரெஃபரன்ஸ அனுப்புங்க.”

அனுப்பினான். ஏதோ ஒரு பொது அறிவுத் தளத்தின் பக்கம். அதே வரிகள், அதே சொற்கள். பக்கத்தின் அடியில் ஆதாரம் என்று ஒரு சுட்டி இருந்தது. அதைத் தட்டினால் கம்பெனியின் சொந்தப் பாடமே திறந்தது. இவன் அவனைக் காட்டுகிறான், அவன் இவனைக் காட்டுகிறான். இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை. ஜோதி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை.

மறுநாளிலிருந்து தன் கைபேசி இணைப்பைப் போட்டு, தன் மடிக்கணினியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினாள். சுனாமி வந்த வாரத்து நாளிதழ்கள், மத்திய அரசு அறிக்கைகள், எச்சரிக்கை மையத்தின் சொந்தத் தளம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். எழுதியவர் எங்கிருந்து எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார் என்று பிள்ளைகளே பார்த்துச் சொன்னார்கள். பிறகு அவரவர் தெருவில் அன்று கரையில் இருந்தவர்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்து வரச் சொன்னாள். பூஜா தன் அப்பாவைப் பேச வைத்துக் கொண்டுவந்தாள். ‘கடல் உள்ள வாங்குச்சு, மீன் துள்ளிக்கினு கெடந்துச்சி, என்னான்னே புரியல’ என்ற அவர் குரலை வகுப்பு முழுக்கக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி சிதம்பரத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள் அறிவித்தது. ஜோதி தன் சித்தியையும் அழைத்துப்போக நினைத்தாள். நானும் அவளோடு தனத்தின் வீட்டுக்குப் போனேன். அலை வந்த பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பு அது.

தனம் டேப்லெட்டில் அந்தப் படத்தைப் பார்த்தார். உடனே திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

“இத எடுத்தவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மாராப்பு வெலகிக் கெடந்துச்சு எனக்கு. அதுகூடத் தெரியாம ஒக்காந்திருந்தேன்.”

“அதுக்குத்தான் சித்தி, நீ அங்க வந்து பேசணும்.”

“பேசறதுக்கு என் மூஞ்சிய மறுக்கா அம்மாம் பெரிய தெரையில காட்டுவ. அவன் ஒரு கதைக்குக் காட்டுனான். நீ ஒரு கதைக்குக் காட்டப் போற. எங்கக்காவ ஊர்ல எல்லாரும் இன்னும் எத்தினி வாட்டி பாக்கணும்?”

ஜோதியின் முகம் செத்துவிட்டது. திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், “அவுங்க சொல்றதும் நெசந்தான்” என்றாள். தன்மேலேயே கோபம் அவளுக்கு.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. ஏசி, பிஸ்கட், ராக்கெட் சிறுவன் அச்சிட்ட பை. ஜெயப்பிரகாஷ் இளைஞன், நன்றாகவே பேசினான். கேள்வி நேரம் வந்ததும் ஜோதி எழுந்து மைக்கை வாங்கினாள். நடனசபாபதி சார் முன்வரிசையிலிருந்து திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“ஒன்பதாங் கிளாஸ், பேரிடர் பாடம். அதத் தெரையில தெறங்க. போட்டோவ மட்டும் மறைச்சுடுங்க.”

“ஏன் மேடம்?”

“மறைச்சாதான் நான் பேசுவேன்.”

அவன் எப்படி மறைப்பது என்று தெரியாமல் தடுமாறினான். கடைசியில் பக்கத்தை மேலே தள்ளி, படம் வெளியே போகும்படி நிறுத்தினான். ஜோதி அந்த வரியைப் படித்தாள். எச்சரிக்கை மையம் எந்த ஆண்டு வந்தது என்பதைச் சொன்னாள். கம்பெனி காட்டிய ஆதாரம் கம்பெனிக்கே திரும்பி வருவதைச் சொன்னாள். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள்.

“ஃபீட்பேக்க டீமுக்கு அனுப்பிடறேங்க மேடம்.”

“ஃபீட்பேக் இல்ல தம்பி. பொய்னு எழுதி அனுப்புங்க. செத்தவங்க வீட்டுப் புள்ளைங்க கையாலயே, எங்க பெரியவங்க அறிவில்லாம செத்தாங்கன்னு டிக் போட வெக்கிறீங்க. போடலன்னா மார்க் கொறைக்கிறீங்க. எந்த ஊர்லயாவது இப்பிடி உண்டா?”

அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த கண்ணாயிரம் என்ற ஆசிரியர் எழுந்தார். “எங்க பசங்களுக்கும் இதே பாடம்தான். அத விடுங்க, எங்க கம்ப்யூட்டர்ல வேற சைட்டே தெறக்க மாட்டேங்குது. தப்புன்னு பசங்களுக்கு நாங்க எதக் காட்டி நிரூபிக்கறது?” என்றார். பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. ஜெயப்பிரகாஷ் தேநீர் இடைவேளை என்று அறிவித்தான்.

அந்த மாத முடிவுக்குள் வரி மாறியது. ‘பலர் உயிரிழந்தனர்’ என்று மட்டும் போட்டார்கள். கேள்வியை எடுத்துவிட்டார்கள். தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஏற்கெனவே அறியாமைக்கு டிக் போட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எத்தனை ஊர்களில் இருக்கிறார்களோ, அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

படம் அப்படியே இருந்தது. தனம் தாமே ஒரு திங்கட்கிழமை கூடையை இறக்கி வைத்துவிட்டு, மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். ஜோதியை எழுதித் தரச் சொல்லிவிட்டு, கூட வர வேண்டாம் என்றார். அதன் பிறகுதான் படம் போனது.

ஜோதிக்கு நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பள்ளியின் பெயரைப் பொதுவெளியில் கெடுத்தாளாம். அவள் எழுதிய விளக்கத்தை நான் படித்தேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அந்த ஆண்டு அவளிடமிருந்து பத்தாம் வகுப்பை எடுத்துக்கொண்டார்கள். பெற்றோர்கள் திரண்டு போய்க் கேட்டதால் கணினிகளின் பூட்டை மட்டும் நீக்கினார்கள்.

பூட்டு நீங்கிய அன்று ஜோதி போஸ்டரைக் கிழிக்கத் தொடங்கினாள். பசை கெட்டியாக இருந்ததால் கறுப்பு வண்ணமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. ராக்கெட்டும் சிறுவனின் பாதி முகமும் சுவரிலேயே தங்கிவிட்டன. நடனசபாபதி சார் வந்து எட்டிப் பார்த்தார்.

“இப்பயாச்சும் கோவம் கொறஞ்சுச்சா ஜோதிம்மா?”

“இல்ல சார்” என்றாள் அவள், சுரண்டுவதை நிறுத்தாமல். “ஜாஸ்திதான் ஆயிருக்கு. செவுத்துக்கு அடிக்க ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட்டு வேணும், வாங்கித் தாங்க.”

அவர் வாங்கித் தந்தார்.