இரண்டாவது புடவை

லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மலை மேல அப்படி இன்னாதான் புடிக்கிறீங்க?" பழவேற்காடு ஏரிக்கு நடுவே, பசியாவரம் தீவில் பிறந்து வளர்ந்தவன். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தத் தொழிலும் எதையாவது பிடிப்பதுதான். கேட்டதில் தப்பும் இல்லை. நாங்களும் பிடிக்கத்தான் செய்தோம்.

எழுபதுகளின் கடைசியில், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு, விண்வெளியிலிருந்து வந்து விழும் துகள்களை ஆராயும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. மலை ஊர். புல்வெளியெங்கும் பெட்டி பெட்டியாகக் கருவிகள். ஒரு துகள் பாய்ந்தால் பெட்டிக்குள் ஒரு சின்ன வெளிச்சம் எழும். அது மின்துடிப்பாக மாறி ஒயர் வழியே எங்கள் அறைக்கு வரும். தொல்லை என்னவென்றால், எதுவும் பாயாதபோதும் பெட்டிகள் சும்மா இருக்காது. வெயிலுக்கு ஒரு துடிப்பு, ஈரத்துக்கு ஒரு துடிப்பு என்று தன்பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருக்கும். அத்தனையையும் எழுதக் காந்த நாடா போதாது. போதாக்குறைக்கு, கம்ப்யூட்டர் ஒரு துடிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்து வருவது அதன் கண்ணில் படாது.

ஆகவே ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஜோடியாக வைத்த இரண்டு பெட்டிகளும் ஒரே கணத்தில் துடித்தால்தான் எழுது. ஒன்று மட்டும் துடித்தால் விட்டுவிடு. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் சர்க்யூட்டைப் பற்றவைப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. யோசிக்க நேரம் கிடையாது. விட்டது விட்டதுதான், பிறகு தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

"அப்ப வர்றதுல முக்காவாசிய தூக்கிப் போட்டுர்றீங்க," என்பான் அண்ணன். "இதுக்கு சம்பளம் வேற."

எங்கள் ஊரில் டாக்டர் கிடையாது. ஆஸ்பத்திரி தண்ணீருக்கு அந்தப் பக்கம், பழவேற்காட்டில். பகலில் படகுகள் எல்லாம் ஏரியில் இருக்கும். ஊரில் பெண்களும் குழந்தைகளும்தான். யாருக்காவது முடியவில்லை என்றால் கரையில் கழி நட்டு ஒரு புடவையைக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்க்கிற படகு திரும்பி வரும்.

அண்ணி முதல் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் வீடு நிறைய இருந்தார்கள். அதனால் இரண்டாவதாகப் பிறந்த பெண் தும்மினால் புடவை ஏறியது. பால் கக்கினால் ஏறியது. ஆண்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து பார்த்தால் குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கும். அவர்கள் எரிச்சலுக்கும் காரணம் உண்டு. ஏரியில் நல்ல இடங்களில் வலை போடுவதற்கு முறை வைத்திருக்கிறோம். அதைப் பாடு என்போம். தன் பாடு அன்று இடத்தை விட்டு வந்தவன் அடுத்த முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கடைசியில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். இனி ஒரு வீட்டுப் புடவைக்குப் படகு வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து பார்த்து, ஆமாம் என்று தன் புடவையையும் கட்டினால்தான் வரும். அண்ணி பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுக்கவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தான்.

அப்போது நான் லீவில் இருந்தேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதத்தாண்ணா நாங்க அங்க பண்றோம்," என்று சர்க்யூட்டின் கதையை விளக்கினேன். மடவை மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்து ஊட்டுல ஆள் இல்லன்னா?"

"எங்க பெட்டியில ஒண்ணு செத்துக் கெடந்தா, அது பதிவாவாது அண்ணி."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, அது போச்சு."

"ஒங்குளுது போனா போவட்டும்," என்றாள். மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அது நடந்தது. நான் மலையில் இருந்தேன். அண்ணி சொன்னதைத்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லோரும் பழவேற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். குழந்தைக்குக் காலையிலிருந்து வயிற்றால் நிற்காமல் போனது. மதியத்துக்குள் கண் உள்ளே போய், அழுவதற்கும் தெம்பில்லாமல் துவண்டுவிட்டது. அண்ணி கழியில் புடவையைக் கட்டினாள். படகுகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஒன்றும் திரும்பவில்லை. நின்று பார்த்தாள், கத்திப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு வேலியில் காய்ந்துகொண்டிருந்த புடவையை உருவினாள். இன்னொரு கழியைத் தூக்கிக்கொண்டு போய், அந்த வீட்டுக்கு நேராக நட்டுக் கட்டினாள். எல்லாப் படகும் திரும்பியது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற நரம்பே கிடைக்காமல் காலில் தேடி ஏற்றினார்களாம். தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது பெண் வீட்டில் விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நான்தான் அழுதேன்.

ஆனால் ஊர் விடவில்லை. இல்லாத ஆளின் புடவையை ஏற்றியது பொய் என்று கூட்டம் போட்டார்கள். அண்ணனுக்கு அடுத்த பாடு கிடையாது என்று பேச்சு வந்தது. பின்னால் பெண்களோடு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தாள்.

"ஒரு பொடவைக்கு ஒத்தன் வரல. ரெண்டு கட்டினேன், அத்தினி பேரும் ஓடியாந்தீங்க. நாளைக்கு மூணு வோணும்னாலும் கட்டுவேன்."

ஊர்த் தலைவர் அண்ணனைப் பார்த்தார். "நீ இன்னாப்பா சொல்ற?"

அண்ணன் மண்ணைப் பார்த்தபடியே சொன்னான். "மொத பொடவைய நான் பாத்தன்."

"பாத்துட்டு?"

"ரெண்டாவது ஏறுதான்னு பாத்துனே இருந்தன். வலைய இழுத்துனே."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, எழுந்து போங்க," என்றார். அண்ணனின் பாடு பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை. எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த லீவு முடியும்வரை அவனோடு பேசவில்லை. பஸ் ஏறின பிறகுதான், அதைச் சொல்லாமல் அவன் மறைத்திருக்கலாமே என்று தோன்றியது.

மலைக்குத் திரும்பியதும் எங்கள் மேலதிகாரியிடம் போய் நின்றேன். ஒற்றைப் பெட்டி மட்டும் துடிப்பதை நாம் ஒரேயடியாக விடுகிறோம். அதில் ஆயிரத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதி வைக்கலாமா என்று கேட்டேன்.

"குப்பைம்மா அது. நாடா என்ன விலை தெரியுமா? அதில் என்ன கிடைக்கப்போகிறது?"

"ஒண்ணும் கிடைக்காது சார். ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சிக்கலாம். இப்ப அதுகூடத் தெரியாதே."

முனகினார். பிறகு, செய்து தொலை என்றார். செய்தேன். வாராவாரம் அந்தக் குப்பையைப் பிரித்துப் பார்த்தேன். அதில் துகள் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. செத்துக் கிடந்த பெட்டிகள் இரண்டைக் கண்டுபிடித்தேன். அவற்றின் ஜோடிப் பெட்டிகள் வாரக்கணக்கில் தனியாகவே துடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

எண்பதுகளின் நடுவில் ஒரு லீவு. அண்ணியும் நானும் கரையில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். பெண் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஏதோ பாடிக்கொண்டு கூடவே திரிந்தாள். அன்று அண்ணனுடைய பாடு. எதிரே அவன் படகு தெரிந்தது. திடீரென்று வலையைப் பாதியில் விட்டுவிட்டு, படகைத் திருப்பி, கழியை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான். நாங்கள் இருவரும் எழுந்துவிட்டோம். அவன் பார்வை போன பக்கம் திரும்பினால், காற்றில் பறந்துபோன லுங்கி ஒன்று வேலிக்காத்தான் முள்ளில் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது.

அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அது ஒன் லுங்கிய்யா."

"தெரியும்மே. பாதி வழியிலியே தெரிஞ்சிச்சு."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்த? பாடு போச்சே."

அண்ணன் லுங்கியை முள்ளிலிருந்து எடுத்து, அதிலேயே ஈரக் கையைத் துடைத்துவிட்டு, மகளின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.