முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நடிகை

கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "கீழ உரக்கடை, மேல வதந்திக்கடை" என்று சொல்லி அனுப்புவார்கள். கீழே இருப்பது என் கணவருடைய கடை. மேலே இருப்பது நான் சினிமாச் செய்திகளைப் பேசிப் பதிவு செய்கிற அறை. கடை என்று சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, வதந்தி என்றால்தான் சுருக்கென்று இருக்கும். நான் பேசுவது செய்தி, மற்றவர்கள் பேசுவதுதான் வதந்தி. சினிமாச் சேனல் நடத்துகிற அத்தனை பேரும் இதையேதான் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாம் உரக்கடை கல்லாவில் தொடங்கியது. எங்கள் பக்கம் படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. திராட்சைத் தோட்டம் வேண்டும் என்பார்கள், மேகமலையில் பனி வேண்டும் என்பார்கள். வந்தால் ஜீப் வேண்டும், சாப்பாடு வேண்டும், தங்க இடம் வேண்டும். ஜீப் ஓட்டுகிறவருக்கும் மெஸ் நடத்துகிறவருக்கும் சொந்தத்தில் கொஞ்சம் நிலம் இருக்கும். நிலம் இருந்தால் பூச்சி இருக்கும். மருந்து வாங்க வருகிறவர்கள் எந்த நாயகன் எந்த நாயகியோடு பேசுவதில்லை, யார் யாருக்காகத் தனியாக மீன் பொரிக்கச் சொன்னார் என்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். என் கணவர் காதில் அது விழாது. என் காதில் விழும். கேட்டதை என் ஊர்ப்பேச்சிலேயே போனில் பேசி யூடியூபில் ஏற்றினேன். திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் நடிகர்களுக்காக வந்தார்களோ இல்லையோ, அந்தப் பேச்சுக்காக வந்தார்கள்.

மேல் அறையில் சுவரோரமாக வேப்பம்புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கியிருக்கிறோம். எதிரொலி துளியும் இருக்காது. சென்னையில் இதற்கென்று பஞ்சுப் பலகை வாங்கி ஒட்டுவார்களாம். வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பழகிவிட்டது.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் அதை நான் வெளியில் சொல்வேன். கம்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த இருவருமே என்னிடம் பேசவேண்டும் என்பதுதான் கஷ்டம். அப்படியும் வம்பு வரத்தான் செய்தது. ஒரு நடிகருக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவருடைய மேனேஜர் போனில் கத்தினார். வீடியோவை நீக்கமாட்டேன் என்றேன். கொஞ்ச நாளில் அந்த நடிகரே நிச்சயமானதை அறிவித்தார். பெண்தான் வேறாக இருந்தாள். பாதி சரி என்று நானும் முழுக்கத் தப்பு என்று அவர்களும் இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போட்டோ வந்தது.

கூடலூரில் ஒரு நடிகை இருக்கிறார். ஒரு காலத்தில் அண்ணியாக, டாக்டராக, தலைமை ஆசிரியையாகப் படத்துக்குப் படம் வந்துகொண்டிருந்தவர். வாய்ப்பு குறைந்ததும் பிறந்த ஊருக்கே திரும்பிவிட்டார். ரேஷன் கடை வரிசையில் நிற்பார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளமாட்டார்கள். சென்னையில் பெரிய சேனல் வைத்திருக்கும் ஒருவர் ஒருநாள் அவரைப் பற்றி வீடியோ போட்டார். காலை நேரத்தில் கூடலூர் ரோட்டில் நிற்கும் ஒரு ஜீப், அதில் தலைத்துண்டு கட்டிக்கொண்டு இந்த அம்மா. கூலி வேலைக்குப் போகும் அளவுக்கு வறுமை, பட்டினி, கைவிட்ட சொந்தங்கள் என்று அவர் அடுக்க, பின்னால் ஒரு வயலின் அழுதுகொண்டே இருந்தது.

அன்று முழுக்க எனக்குத்தான் ஏச்சு. 'உங்க ஊர்ப்பக்கம்தானே, ஒரு கலைஞரைப் பட்டினி போட்டுவிட்டீர்களே' என்று கமெண்டில் வந்து திட்டினார்கள். எனக்குக் கொதித்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா டிரைவர் பக்கத்தில் முன்சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேரளப் பக்கம் காய் எடுக்கப் போகிற பெண்கள் பின்னால் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்காருவார்கள். முன்னால் கையைக் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து வருபவர் தோட்டத்துக்காரராகவோ அவர் வீட்டு ஆளாகவோதான் இருப்பார். சென்னைக்காரருக்கு இது எங்கே தெரியப் போகிறது! அந்தச் சந்தோஷத்தில் யாரிடமும் விசாரிக்காமல், சமையலுக்குக் கட்டியிருந்த சேலையோடு போய் மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"சென்னையில உக்காந்துக்கிட்டு எங்க ஊரு ஜீப்பப் பத்திப் பேசாதீகய்யா. முன்சீட்டுல இருக்கிறவுக கூலியா? அவுக தோட்டத்து முதலாளியம்மா. கூலிக்குப் போற நெலமையெல்லாம் அவுகளுக்கு வரல. மரியாதையாப் பேசுங்க" என்றேன்.

நான் பேசியதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். சென்னைக்காரர் பதில் வீடியோ போட்டார், நான் அதற்குப் பதில் போட்டேன். உண்மையைச் சொல்வதானால், ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். குழம்பு தாளிக்கும்போதுகூடப் பாட்டு வந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் கீழே ஒரு குரல் என் கணவரிடம், "மேல வீடியோவுல பேசுறது ஒங்க வீட்டம்மாவா?" என்று கேட்டது. படியேறி வந்தவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். சினிமாவில் பார்த்ததைவிட உயரம் குறைவு, குரல் மட்டும் அப்படியே இருந்தது. விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறை எனக்குத் தெரியும். ஏலக்காய்ச் செடியின் பால் பிடித்துப் பிடித்து ஏறுவது. எங்கள் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் கையில் அது உண்டு.

"நீதானா ஆத்தா எனக்குத் தோட்டம் எழுதி வச்சது?" என்றார்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தவர் மடமடவென்று சொன்னார். ஊருக்கு வந்த நாளிலிருந்தே அவர் காய் எடுக்கத்தான் போகிறார். வீட்டில் சோற்றுக்குக் குறை இல்லை, ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு எதுவும் இல்லை. எல்லோரையும்போல வேலை, எல்லோரையும்போலக் கூலி.

"அப்ப அந்த முன்சீட்டு?" என்று கேட்டேன்.

"பின்னால உக்காந்தா அந்தக் கொண்டை ஊசி வளைவுல எனக்கு வாந்தி வந்துரும். ரெண்டு தடவ எல்லார் சேலையையும் நனைச்சுட்டேன். நீ முன்னால போய்த் தொலைன்னு அவளுகதான் தள்ளி விட்டாளுக."

சிரித்திருக்கவேண்டிய விஷயம். அவர் சிரிக்கவில்லை. தோட்டத்துக்காரர் என் வீடியோவைப் பார்த்திருக்கிறார். தன் தோட்டத்துக்கு இன்னொரு முதலாளியா என்பது ஒன்று, நாளைக்குக் கேமராவோடு கூட்டம் வந்து நிற்குமே என்பது ஒன்று. அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு வராதே என்று ஜீப் டிரைவரிடம் சொல்லிவிட்டார். மற்ற ஜீப்களில் கேட்டால், முதலாளியம்மாவை எப்படி நெருக்கி உட்காரவைப்பது என்று கேலி. காய் எடுப்பு ஆரம்பித்த நேரத்தில் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா, அந்த ஆளு ஒங்களக் கேவலமாப் பேசிட்டானேன்னு தாங்காமத்தான்..." என்று இழுத்தேன்.

"என்ன கேவலமாப் பேசினான்? கூலிக்குப் போறேன்னான். போகத்தானே செய்றேன். பட்டினின்னான் பாரு, அதுதான் பொய். நீ அத விட்டுட்ட. கூலிய இல்லைன்னுட்ட."

அவரே தொடர்ந்தார்.

"எங்கூட வர்ற பொம்பளைக எல்லாம் ஒன்னத்தான் பாப்பாளுக, ஆத்தா. காய் எடுக்கிறப்ப ஒரு போன நடுவுல வச்சுக் கேப்போம். ஒன் வீடியோவக் கேட்டுட்டு, ஏக்கா, எங்ககூட வர்றது ஒனக்கு அசிங்கமான்னு கேக்குறாளுக. நான் என்ன சொல்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னைப் புகழ்ந்தும் திட்டியும் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இப்படிக் கூசியதில்லை. சென்னைக்காரர் கூலி என்பதை அழுதுகொண்டு சொன்னார், நான் ஆத்திரப்பட்டு மறுத்தேன். இரண்டு பேருமே அதைக் கேவலம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

"நீங்களே ஒரு வார்த்த பேசிருங்கக்கா, கேமராவ வைக்கிறேன்" என்றேன்.

"நடிச்சதெல்லாம் போதும். நீ சொன்னதுதானே, நீயே சொல்லு. என் வீட்டக் காட்டாத, போட்டோ போடாத. அந்த அழுகுற மியூசிக்க மட்டும் போட்டுறாத. அதக் கேட்டா எனக்கே பட்டினி கெடந்த மாதிரி இருக்கு."

மதியம் எங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோபம் வேறு, குழம்பு வேறு என்று நினைக்கிறவர் போல.

அவர் போன பிறகுதான் எனக்குப் போராட்டம். நான் தப்பு என்றால் சென்னைக்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அந்த ஆள் தலைகால் தெரியாமல் ஆடுவார். நான் பேசியது பேசியதுதான் என்று அதுவரை மார்தட்டிக்கொண்டிருந்தவள். கீழே போய்க் கணவரிடம் புலம்பினேன்.

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மருந்த மாத்திக் குடுத்துட்டா, திரும்ப வாங்கிக்கிட்டுச் சரியானதக் குடுக்கணும். அதுக்குள்ள பயிரு கெட்டுறக் கூடாது, அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?" என்றார். அவருக்கு எல்லாமே உரக்கடைதான்.

இந்த முறை முறையாகப் போனேன். கூடலூரில் ஜீப் டிரைவரைப் பார்த்தேன். அவர் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பெண்ணையும் பார்த்தேன். வாசலை மறைத்து வண்டி நிறுத்துகிறார் என்று இரண்டு பேருக்கும் நெடுநாள் சண்டை. அம்மா போவது காய் எடுக்கத்தான், பட்டினி எதுவும் இல்லை என்று இருவரும் ஒன்றையே சொன்னார்கள். பிறகு தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டேன். உங்கள் தோட்டம் எது என்று நான் சொல்லமாட்டேன், கேமராவோடு யாரும் போகக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன், அந்த அம்மாவைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்றேன். தமிழில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மலையாளத்தில் "நோக்கட்டே" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். எந்த மொழியிலும் அந்தச் சொல்லை நம்ப முடியாது.

வீடியோவில் சுற்றி வளைக்கவில்லை. "நான் சொன்னது தப்பு. அவுக முதலாளி இல்ல, காய் எடுக்கிறவுக. எங்க ஊருல பாதிச் சனம் செய்ற வேல அது. அதுல மறைக்க ஒண்ணும் இல்ல, அத மறைச்சது என் கொழுப்பு. பட்டினின்னு சொன்னதும் பொய்தான். அவுகளப் பாக்க யாரும் வரவேண்டாம், அரிசி மூட்டையும் அனுப்பவேண்டாம். ஜீப்புல கூடப் போற அக்காமாரு என்ன மன்னிக்கணும்" என்றேன். பின்னால் இசை எதுவும் இல்லை.

எதிர்பார்த்தது போலவே சென்னைக்காரர் என் முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கும் வயலின் போட்டு ஆடித் தீர்த்தார். ஆடட்டும் என்று விட்டேன். என் பேச்சைக் கேட்டுவந்தவர்களில் சிலர் கழன்றுகொண்டார்கள். திருப்பூரிலிருந்து ஒரு பெண், 'எங்கம்மாவும் அந்த ஜீப்புலதான் போறாக' என்று எழுதியிருந்தாள். அதை நான் பலமுறை எடுத்துப் படித்தேன்.

வீடியோ போட்டதோடு வேலை முடியவில்லை. தினமும் டீக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு ஏத்துனாகளா?" என்று கேட்பேன். "இல்லக்கா, ரோட்டுல நின்னுட்டுத் திரும்பிட்டாக" என்பாள். வீடியோவை மாற்றிப் போட்டுவிடலாம், ஒருவருடைய இடத்தை அப்படி மாற்றிப் போட முடியவில்லையே என்று சோறு இறங்காமல் திரிந்தேன். பிறகு ஒரு காலை, நான் கேட்கும் முன்பே அந்த அம்மாவே கூப்பிட்டார். "ஏறிட்டேன் ஆத்தா. இந்தா, செக்போஸ்ட் வந்துருச்சு, சிக்னல் போயிரும்" என்றார், போய்விட்டது. போனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தபடியே நின்றேன்.

இப்போது லீவு நாளில் கம்பம் சந்தைக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் வருகிறார். அந்தக் காலத்துப் படப்பிடிப்புக் கதைகளை வண்டி வண்டியாகச் சொல்வார். ஒவ்வொன்றும் ஒரு வாரம் பேசலாம், அத்தனை சூடு. முடிவில் "வெளிய சொல்லிறாத" என்பார். தலையாட்டுவேன். சொல்லாமல் வைத்திருப்பதிலும் ஒரு சுகம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

போன மாதம் சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் கூப்பிட்டார். என் வீடியோவைப் பார்த்தாராம். அடுத்த படத்தில் தோட்டத் தொழிலாளியாக ஒரு தாய் வேடம், நாயகனுக்குச் சமமான வேடம், அந்த அம்மாவே செய்யவேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே கூடலூருக்கு ஓடினேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கதையை முழுக்கக் கேட்டார். "ஹீரோ யாரு?" என்றார், கண்ணில் அந்தப் பழைய அண்ணி எட்டிப் பார்த்தாள். எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு மாதம், உடனே தொடங்குகிறார்கள் என்றேன். சுண்ணாம்பு விரலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இப்ப எடுப்பு மும்முரமா இருக்கு. ஒரு மாசம் வரலைன்னா அங்கன வேற ஆள ஏத்திருவாக. போன எடத்த இப்பத்தான் திரும்ப வாங்கியிருக்கேன். முடியாதுன்னு சொல்லிரு ஆத்தா" என்றார்.

அங்கிருந்தே இயக்குநருக்குப் போன் போட்டேன். அம்மா வரமாட்டார் என்றதும் அவரால் நம்ப முடியவில்லை. "வேற யாராச்சும் புக் பண்ணிட்டாங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா சார். அவுககிட்ட கால்ஷீட் இல்ல" என்றேன்.